2 எடைப்பிரிவு மேல ஏறி அடிச்சாச்சு, இனி எடைக்கு என்ன மதிப்பு?

14 செப்டம்பர் 2025, காலை 10:50 | ஏலத்தோட்டம், வண்டன்மேடு

லாஸ் வேகாஸ் குத்துச்சண்டையில கிராஃபோர்ட் ஜெயிச்சாச்சு. 154 பவுண்டுல இருந்து 160-ஐ எட்டிக்கூடப் பார்க்காம நேரா 168-க்கு வந்து, கனெலோகிட்ட இருந்த 4 சாம்பியன் பெல்ட்டையும் எடுத்துட்டார். ஜட்ஜுங்க போட்ட புள்ளி 116-112, 115-113, 115-113. மூணு ஜட்ஜும் ஒரே பக்கம்.

என் கட்சி இதுதான்: திறமை இருந்தா எடைப்பிரிவு சும்மா பேருக்கு. அடுத்து 175-க்குப் போய் அங்க சாம்பியன் பிவோலை அடிக்கட்டும். ஜப்பான்காரர் இனோவேயும் 122-ல உட்கார்ந்து காலத்தை ஓட்டாம 130 வரைக்கும் போகட்டும். மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க.

14 செப்டம்பர், 11:40 | கூடலூர் சவுத்பா

தம்பி, வண்டன்மேட்டுல இருந்துக்கிட்டு எடையைப் பத்தி இப்படிப் பேசலாமா. பச்சை ஏலக்காய் 5 கிலோ உலர்த்துற ஸ்டோர்ல ஏத்துனா காஞ்சு 1 கிலோ இறங்குது. புத்தடி ஏலக்காய் ஏலத்துல அந்த 1 கிலோவைப் பார்த்து "தோட்டத்துல விளைஞ்சதே இவ்வளவுதான்"னு யாராவது சொல்வானா? சண்டைக்கு முதல் நாள் தராசுல ஏறி நிக்கிறவன் காஞ்ச காய். மறுநாள் மணி அடிக்கும்போது நிக்கிறவன் திரும்ப ஈரம் குடிச்ச காய். நீங்க முதல் நாள் நம்பரை வச்சுப் பேசுறீங்க.

இன்னொண்ணு, ஆளோட சட்டத்தைப் பாருங்க. கனெலோ உயரம் 171 செ.மீ., கை நீளம் எழுபதரை இஞ்ச். கிராஃபோர்ட் 173 செ.மீ., கை 74 இஞ்ச். 'சின்ன ஆள்'னு சொல்ற கிராஃபோர்ட்தான் உயரம், அவருக்குத்தான் கை நீளம். கனெலோவும் 154-ல சாம்பியனா இருந்து மேல ஏறுனவர்தான். ஒரே ஏணியில ஏறுன ரெண்டு பேர், ஒருத்தர் முன்னால ஏறி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இதுல யானை எங்க, எலி எங்க?

பிவோல் வேற கதை. 183 செ.மீ. உயரம், 175-லயே வளர்ந்த ஆள். கனெலோ அந்த 7 பவுண்டு ஏறி 2022 மே மாசம் அவர்கிட்ட என்ன ஆனார்னு ஞாபகம் இருக்கா? 115-113, மூணு ஜட்ஜ் கார்டுலயும் தோல்வி. பார்த்தவங்களுக்கு அது அவ்வளவு நெருக்கமாவும் தெரியல.

14 செப்டம்பர், 11:52 | ஏலத்தோட்டம்

கை நீளத்தை நான் பார்க்கல. அந்த ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன்.

14 செப்டம்பர், பகல் 1:15 | குமுளி மூணாவது முக்கு

எல்லாரும் லாஸ் வேகாஸையே பார்த்துட்டு இருக்கீங்க. லிவர்பூல்ல உலக சாம்பியன்ஷிப் நடக்குதே, அது ஒருத்தர் கண்ணுலயும் படலையா? 57 கிலோவுல ஜாஸ்மின் லம்போரியா தங்கம். போலந்துக்காரி செரெமெட்டா, பாரிஸ் ஒலிம்பிக் வெள்ளி, அவங்களை 4-1 (5 ஜட்ஜ்ல 4 பேர் ஜாஸ்மின் பக்கம்). 48 கிலோவுல மீனாட்சி ஹூடா ஃபைனல்ல நிக்கிறாங்க. எங்க பக்கம் கண்ணூர் கே.சி. லேகா 2006 டெல்லியில 75 கிலோ தங்கம் எடுத்தப்பவும் இதே கதைதான், யாரும் கண்டுக்கல.

14 செப்டம்பர், மாலை 6:30 | போடி கார்னர்

குமுளிக்காரர் சொன்னதுலதான் இந்த விவாதத்துக்கே சாவி இருக்கு. அமெச்சூர்ல போட்டி இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில தராசு ஏறணும். 5 நாள் சண்டைன்னா 5 தடவை. அதனால ராத்திரியோட ராத்திரியா 5 கிலோ தண்ணியைப் பிழிஞ்சு எடுத்து, மறுபடி ஏத்திக்கிற வேலை அங்க நடக்காது. பிழிஞ்சா ரெண்டாவது நாளே கால் போயிடும். 57 கிலோன்னா ரிங்குக்குள்ளயும் கிட்டத்தட்ட 57 தான்.

புரொபஷனல்ல தராசு ஒரே தடவை, அதுவும் பெரும்பாலும் முந்தின நாள். நடுவுல 24 மணிக்கும் மேல நேரம். அந்த இடைவெளிதான் எல்லா வித்தைக்கும் இடம். பெல்ட் கொடுக்கிற அமைப்புகள்ல ஐபிஎஃப் மட்டும் தன் பெல்ட் சண்டைக்கு மறுநாள் காலையிலயும் ஒரு தடவை ஏத்தி, 10 பவுண்டுக்கு மேல ஏறக்கூடாதுன்னு பிடிக்கும். பல பெல்ட் சேர்ந்த சண்டையில அதுவும் கிடையாது.

தண்ணி இறங்குற விதம்: உடம்புல சேர்த்து வச்சிருக்கிற மாவுச்சத்து 1 கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். கடைசி வாரம் சோறு, உப்பு ரெண்டையும் குறைச்சாலே 2 கிலோ வரை இறங்கிடும். இது வரைக்கும் பெரிய ஆபத்து இல்ல. அதுக்கு மேல வெந்நீர்த் தொட்டி, ஆவி அறைன்னு வேர்வையில எடுக்கிறதுதான் வினை. ரத்தம் கெட்டியாகும், இதயம் வேகமா அடிக்கும், தலைக்குள்ள மூளையைத் தாங்குற நீரும் குறையும். மத்ததெல்லாம் மறுநாள் ஓரளவு திரும்பினாலும் கடைசியா சொன்னது திரும்ப நேரம் எடுக்கும். அந்த நிலையில தாடையில ஒண்ணு வாங்குனா ஆள் எழுந்திருக்கிறதே சந்தேகம்.

திரும்ப ஏத்துறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டருக்கு மேல வயிறு தாங்காது. வெறும் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிச்சா பாதி மூத்திரமாப் போயிடும். ஓ.ஆர்.எஸ். 1 பாக்கெட்டுக்கு 1 லிட்டர், 15 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அப்புறம் கஞ்சி, அப்புறம் சோறு. முதல் மணியிலயே பிரியாணி வெட்டுனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரிங்குக்குப் போகணும்.

பாரிஸ்ல வினேஷ் போகட் 100 கிராமுல போன கதை எல்லாருக்கும் தெரியும். அது மல்யுத்தம், ஆனா தராசு ஒரே தராசுதான்.

14 செப்டம்பர், இரவு 9:05 | கூடலூர் சவுத்பா

மீனாட்சியும் தங்கம். கஜகஸ்தான் கிசாய்பாயை 4-1. 80 கிலோவுக்கு மேல நூபுர் வெள்ளி, 80 கிலோவுல பூஜா ராணி வெண்கலம். ஆம்பளைங்க பக்கம் ஒரு பதக்கம்கூட இல்ல, அதைத் தனி இழையில திட்டிக்கலாம்.

நகோயாவுல இனோவே அக்மதலியெவை 12 ரவுண்டும் ஆடி ஜெயிச்சுட்டார். 118-110, 118-110, 117-111. அக்மதலியெவ் சவுத்பா, அதாவது வலது காலை முன்னால வச்சு நிக்கிற இடதுகை ஆள். இந்தச் சண்டையைப் பத்தி எழுத நிறைய இருக்கு. நாளைக்கு.

16 செப்டம்பர், இரவு 10:20 | கூடலூர் சவுத்பா

நாளைக்குன்னு சொல்லி ரெண்டு நாள் ஆச்சு.

2024 மே மாசம் டோக்கியோ டோம்ல நேரி முதல் ரவுண்டுலயே இனோவேயைக் கீழ தள்ளினார், இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டுல வீசுற குத்து). 2025 மே மாசம் லாஸ் வேகாஸ்ல கார்டெனாஸ் ரெண்டாவது ரவுண்டுல தள்ளினார், அதுவும் இடது ஹூக். ஒருத்தர் சவுத்பா, ஒருத்தர் ஆர்த்தடாக்ஸ் (இடது காலை முன்னால வைக்கிற வலதுகை ஆள்), அடி ஒண்ணுதான். ரெண்டு தடவையும் இனோவே எழுந்து அதே சண்டையை முடிச்சார், முதல்ல 6-ஆம் ரவுண்டு, அப்புறம் 8-ஆம் ரவுண்டு. ஆனா குறை அங்க இருக்கு. தன் ஹூக்கை முழுசா வீசி முடிக்கும்போது உடம்பு திரும்பிடுது, வலது கை கன்னத்துக்குத் திரும்ப அரை நொடி தாமதம். அந்த அரை நொடியில எதிராளி அதே ஹூக்கைக் குட்டையா வச்சா கதை முடிஞ்சது.

அக்மதலியெவுக்கு எதிரா இதைச் சரி பண்ணியிருந்தார். ஹூக்கை முழுசா வீசவே இல்ல. ஜாப் (முன் கையால நேரா ஒரு குத்து), ஒரு வலது கைக் குத்து, உடனே ஒரு எட்டு பின்னால. 12 ரவுண்டும் இப்படியே. கொஞ்சம் சலிப்புத் தட்டினாலும் அடுத்து இன்னொரு ஜப்பான்காரர் நகதானிக்கு எதிரா இந்த இனோவேதான் வேணும்.

ஏலத்தோட்டம் தம்பிக்கு: 165 செ.மீ. ஆள், 108-ல தொடங்கி 122 வரைக்கும் ஏறியாச்சு. 122-லயே ரெண்டு தடவை தரையைத் தொட்டவரை 130-க்குப் போகச் சொல்றீங்க. உங்க வீட்டுப் பையனா இருந்தா அனுப்புவீங்களா?

17 செப்டம்பர், காலை 7:40 | ஏலத்தோட்டம்

130-ஐ வாபஸ் வாங்கிக்கிறேன். 126-ல நிறுத்திக்கலாம்.

கனெலோ கார்டு விஷயம் வேற. எங்க ஊர்ல பாதிப் பேரு கனெலோதான் ஜெயிச்சார்னு அடம் பிடிக்கிறாங்க. வீட்டுல உட்கார்ந்து பாயிண்ட் போடுறது எப்படின்னு யாராவது ஒழுங்கா எழுதுங்களேன்.

17 செப்டம்பர், இரவு 8:55 | போடி கார்னர்

கமென்டரியை மூடிடுங்க. இது முதல் வேலை. பேசுறவன் யாருக்குக் கத்துறானோ அவன் அடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கூட்டம் கத்துறதும் அப்படித்தான், கையில பட்ட அடிக்கும் கத்தும்.

ஒரு பேப்பர், 12 கோடு. மணி அடிச்ச 15 நொடிக்குள்ள எழுதிடணும். ஓய்வு நேரத்துல வர்ற ரீப்ளேயைப் பார்த்துட்டு எழுதக் கூடாது. அவன் 3 நிமிஷத்துல 4 நல்ல அடியைப் பொறுக்கிக் காட்டுவான், மிச்ச ரெண்டே முக்கால் நிமிஷம் யார் கையில இருந்ததுங்கிறது அதுல வராது.

பார்க்க வேண்டியதுல சுத்தமா பட்ட அடிக்குத்தான் முதல் இடம். கையுறையோட முன்பக்கம் தலையிலயோ உடம்பிலயோ பட்டிருக்கணும். முன்னால நடந்துக்கிட்டே இருக்கிறது தனியா புள்ளி இல்ல, நடந்து அடிச்சாத்தான் கணக்கு. கனெலோ கட்சிக்காரங்க சறுக்குறது இங்கதான். அவர் முன்னால போனார், ஆனா போய்ச் சேர்ந்த இடத்துல ஆள் இல்ல.

சந்தேகமான ரவுண்டுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வைங்க. கடைசியில புள்ளிகளை எண்ணுங்க. 7-5-னு எழுதி 3 புள்ளி வச்சிருந்தா, உங்க கார்டு உண்மையில 10-2-ல இருந்து 4-8 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். அப்புறம் 'கொள்ளை'ன்னு கத்தாதீங்க.

ஒரு ரவுண்டு ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு 9. அப்படிப் பார்த்தா கனெலோ சண்டையில 115-113-ங்கிறது 7 ரவுண்டுக்கு 5 ரவுண்டு. அந்த ரெண்டு ஜட்ஜும் ஒரே ஒரு ரவுண்டை மாத்திப் போட்டிருந்தா 114-114 ரெண்டு கார்டு, சண்டை டிரா, பெல்ட் கனெலோகிட்டயே. அவ்வளவு மெல்லிய கோடு. இருந்தும் முடிவு சரிதான்னு சொல்றேன், ஏன்னா என் கார்டுல கனெலோவுக்குப் போன ரவுண்டுலதான் புள்ளி அதிகம்.

17 செப்டம்பர், 9:30 | குமுளி மூணாவது முக்கு

அண்ணே, 7-5, 3 புள்ளி. மூணும் இந்தப் பக்கம் வந்தா 10-2, அந்தப் பக்கம் போனா 4-8. ஆனா 3 புள்ளியும் ஏற்கனவே அந்த 7-க்குள்ள இருந்தா மேல எங்க போகும்? 7-5-க்கும் 4-8-க்கும் நடுவுலதான் நிக்கும்.

17 செப்டம்பர், 9:48 | போடி கார்னர்

அட ஆமாம். புள்ளி எந்தப் பக்கம் விழுந்திருக்குன்னு பார்க்காம எழுதிட்டேன். குமுளி சொல்றது சரி. 7-ல 2 புள்ளி, 5-ல 1 புள்ளின்னா 8-4-ல இருந்து 5-7 வரை. திருத்திப் படிச்சுக்குங்க.

18 செப்டம்பர், காலை 6:50 | ஏலத்தோட்டம்

அப்ப 2024 மே மாசம் ரியாத்ல நடந்த ஃபியூரி–உசிக் ஹெவிவெயிட் சண்டை? அந்த 9-ஆம் ரவுண்டு இல்லாட்டியும் உசிக்தானே ஜெயிச்சிருப்பார்? ஃபியூரி கீழ விழவே இல்லையே, கயித்துல சாய்ஞ்சு நின்னார், அதுக்கு எப்படி எண்ணினார் ரெஃபரி?

18 செப்டம்பர், இரவு 9:15 | கூடலூர் சவுத்பா

ரெண்டாவது கேள்விக்கு முதல் பதில். கயிறு இல்லாட்டி விழுந்திருப்பார்னு ரெஃபரிக்குத் தோணுனா அது நாக்டவுன். தரையைத் தொடணும்னு அவசியம் இல்ல. ஃபியூரி ரிங்கு முழுக்கக் கயித்துல முட்டி முட்டிப் போனார், ரெஃபரி மார்க் நெல்சன் எண்ணினது நூத்துக்கு நூறு சரி.

முதல் கேள்விக்குப் பேப்பரை எடுங்க. கார்டு மூணு: உசிக் 115-112, உசிக் 114-113, ஃபியூரி 114-113. நாக்டவுன் ரவுண்டு 10-8.

115-112 கார்டுல உசிக் 7 ரவுண்டு. ஃபியூரி ஜெயிச்ச 5-க்கு 50, தோத்த 6-க்கு 54, 9-ஆவதுக்கு 8. சரி, 112. உசிக் 114-113 கார்டுல ஆளுக்கு 6 ரவுண்டு. ஃபியூரி 60, 45, 8. சரி, 113. ஃபியூரி 114-113 கார்டுல ஃபியூரிக்கு 7 ரவுண்டு, உசிக்குக்கு 5.

இப்ப 9-ஆவதை வெறும் 10-9-னு மாத்துங்க. முதல் கார்டு உசிக் 115-113. ரெண்டாவது 114-114. மூணாவது ஃபியூரி 115-113. ஆளுக்கு ஒரு கார்டு, ஒண்ணு சமம். டிரா. 1999-ல லெனாக்ஸ் லூயிஸுக்கு அப்புறம் ஹெவிவெயிட்ல எல்லா பெல்ட்டும் வச்சிருக்கிற முழுச் சாம்பியனே இல்லாம இருந்தது அன்னைக்கும் அப்படியே நீடிச்சிருக்கும். ரெஃபரி எண்ணுன அந்த எண்ணிக்கையிலதான் எல்லாம் தொங்குச்சு. டிசம்பர் ரெண்டாவது சண்டையில இந்தத் தொல்லையே இல்ல, மூணு கார்டும் 116-112.

18 செப்டம்பர், 9:22 | ஏலத்தோட்டம்

ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். சரியா வருது. கஷ்டமா இருக்கு.

18 செப்டம்பர், 9:40 | குமுளி மூணாவது முக்கு

பிவோல்–பெதெர்பியெவ் கார்டைப் பாருங்க சேட்டன்மாரே. 2024 அக்டோபர்ல 114-114, 115-113, 116-112, பெதெர்பியெவ் ஜெயம். 2025 பிப்ரவரியில 114-114, 115-113, 116-112, பிவோல் ஜெயம். அதே மூணு சீட்டு, பேரை மட்டும் மாத்தி எழுதியிருக்கு. யார் வந்தாலும் ஒரே ரிவிட்டல் மாத்திரையைக் கொடுக்கிற கம்பவுண்டர் மாதிரி.

2 அக்டோபர், மாலை 5:10 | கம்பம் பள்ளி மைதானம்

புது ஆள். மேல எல்லாம் படிச்சேன். நமக்கு அவ்வளவு பெரிய சண்டையெல்லாம் வேண்டாம். இங்க 4 பசங்க, 4 பேரும் ஆர்த்தடாக்ஸ். ஜில்லா மீட்ல சவுத்பா வந்தா முதல் ரவுண்டுலயே திணறிப் போறாங்க. பழகிக்க இடதுகைப் பையனும் இல்ல. என்ன செய்யலாம்?

2 அக்டோபர், இரவு 9:50 | கூடலூர் சவுத்பா

பேருக்கு ஏத்த கேள்வி இப்பத்தான் வந்திருக்கு.

திணறுறதுக்குக் காரணம் கை இல்ல, முன்னங்கால். ரெண்டு ஆர்த்தடாக்ஸ் நின்னா ரெண்டு இடது காலும் குறுக்கா இருக்கும், இடம் இருக்கும். சவுத்பா வலது காலை முன்னால வைப்பான். உங்க பையன் இடது காலும் அவன் வலது காலும் நேருக்கு நேர், கட்டைவிரலும் கட்டைவிரலும் முட்டும். யார் கால் வெளிப்பக்கம் இருக்கோ அவனோட பின் கைக்கு நேர்கோடு திறந்திருக்கும். சவுத்பாவோட கால் வெளிய இருந்தா அவன் இடது நேர்க்குத்து உங்க பையன் மூக்குக்கு நேரா வரும்.

சுண்ணாம்புக் கட்டி எடுத்துத் தரையில ஒரு நேர்கோடு போடுங்க. பையன் முன்னங்கால் கோட்டுக்கு இடது பக்கம், அதாவது எதிராளிக் காலுக்கு வெளிப்பக்கம், ரெண்டு விரல்கிடை தள்ளி. ரெண்டு விரல்கிடைக்கு மேல வேண்டாம். பசங்க பண்ற தப்பே இதுதான், வெளிய போகணும்னு சொன்னா ஒரு அடி அகலமா எடுத்து வைப்பாங்க. உடம்பு திறந்துடும், கால் அகண்டுடும், ஒரு தள்ளுக்கு விழுவாங்க. சின்ன அடி, பின்னங்கால் உடனே கூட வரணும்.

சுத்துறது எப்பவும் தன் இடது பக்கம். வலது பக்கம் சுத்துனா அவன் இடது கைக்குள்ளயே நடந்து போறான். ஜாப்பை நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம், ரெண்டு முன் கையும் மோதிக்கும். தன் இடது உள்ளங்கையால அவன் வலது கையுறையைத் தட்டி இறக்கி, அதே மூச்சுல வலது நேர்க்குத்து. இந்த ஒண்ணை மட்டும் ஒரு நாளைக்கு 100 தடவை, 25 வீதம் 4 தவணை. குத்து முடிஞ்ச உடனே தலை குத்தின இடத்துலயே நிக்கக் கூடாது. ஆர்த்தடாக்ஸ்–சவுத்பா மோதல்ல தலையும் தலையும் முட்டிப் புருவம் கிழியறது ரொம்ப சகஜம்.

இடதுகைப் பையன் இல்லாட்டி நீங்களே வலது காலை முன்னால வச்சுப் பேடு பிடிங்க. 4 பசங்கள்ல ஒருத்தனை வாரத்துக்கு 2 நாள் மாத்தி நிக்கச் சொல்லுங்க. அவன் கேவலமா ஆடுவான், பரவாயில்ல, கண்ணுக்கு அந்தக் கோணம் பழகணும். நல்லா ஆடுறது அடுத்த கவலை.

3 அக்டோபர், காலை 8:05 | போடி கார்னர்

கூட ஒண்ணு. கைக்கட்டு 180 இஞ்ச் நீளத்துல வாங்குங்க, நாலரை மீட்டர். சின்னப் பசங்களுக்குன்னு குட்டையா விக்கிறது மணிக்கட்டைச் சுத்தவே பத்தாது. மணிக்கட்டுல 3 சுத்து, விரல் முட்டியில 3 சுத்து, விரலிடுக்குல போட்டு மறுபடி மணிக்கட்டு. முட்டிக்கு மேல இறுக்கிக் கட்டிட்டு விரல் மரத்துப் போச்சுன்னு அவுக்கிறாங்க. கை விரிச்சு வச்சுக் கட்டினா, மடக்கும்போது சரியா இறுகும்.

16 நவம்பர், காலை 9:15 | ஏலத்தோட்டம்

வந்துட்டேன். ஏப்ரல்ல யூபாங்க் ஜூனியர் பென்னை 116-112 மூணு கார்டுலயும் ஜெயிச்சப்ப எல்லாரும் என்ன சொன்னீங்க? பென் 147 ஆள், 160-க்கு வரக் கூடாதுன்னு. நேத்து என்ன ஆச்சு? 12-ஆம் ரவுண்டுல ரெண்டு தடவை யூபாங்க் கீழ. 119-107, 118-108, 116-110. சின்ன ஆள் ஜெயிச்சாச்சு. எடைக்கு மதிப்பு இல்லைன்னு மறுபடி சொல்றேன்.

16 நவம்பர், பகல் 12:30 | போடி கார்னர்

நீங்க சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிரா நிக்குது தம்பி.

ஏப்ரல்ல யூபாங்க் முதல் தடவை 160.2. திரும்ப ஏறினப்ப 160.05. அந்த .05-க்கு 3,75,000 பவுண்ட் அபராதம். .05 பவுண்டுன்னா 23 கிராம். ஏலக்காய் தரம் பிரிக்கிறப்ப சல்லடையில ஒட்டுற தூசி. மறுநாள் காலையில 170-க்கு மேல போகக் கூடாதுன்னு ஒப்பந்தம் வேற. அதாவது காஞ்ச காய் முழுசா ஈரம் குடிக்கவும் விடல. அன்னைக்கு ஜெயிச்சார், ஆனா சண்டை முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனார். நேத்து திரும்பவும் அதே 160-க்கு இறங்கி வந்தவர் காலைப் பார்த்தீங்களா? முதல் ரவுண்டுலயே காலு இல்ல. பென் ஏறி வந்ததால ஜெயிக்கல, யூபாங்க் இறங்கி இறங்கி உலர்ந்ததால ஜெயிச்சார்.

எடைக்கு மதிப்பு இல்லாம இல்ல. மேல ஏறுறவனைவிடக் கீழ இறங்குறவனுக்குத்தான் அது அதிகமா வலிக்கும். செப்டம்பர்ல நாம இந்தப் பக்கத்தைப் பேசவே இல்ல.

16 நவம்பர், 1:05 | கூடலூர் சவுத்பா

இது எனக்கும் சேர்த்து. 14-ஆம் தேதி எழுதினதுல ஏறுறவரை மட்டுமே பார்த்திருக்கேன். கிராஃபோர்டும் அந்த வகைதான். 147-க்கு இறங்குறதை நிறுத்தினதே அவருக்கு லாபம். வயிறு நிறையச் சாப்பிட்டு 168-க்கு வந்தார். 37 வயசுல 12-ஆம் ரவுண்டுலயும் கால் ஓடுச்சுன்னா அதுக்கு இது ஒரு காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். 147 வரைக்கும் கையுறை 8 அவுன்ஸ், அதுக்கு மேல 10 அவுன்ஸ். மேல ஏறுனா எதிராளி பெரிசு, ஆனா மெத்தையும் தடிமன். மேல ஏறுற நல்ல டெக்னீஷியனுக்கு அந்த 2 அவுன்ஸும் உதவி.

16 நவம்பர், 1:20 | ஏலத்தோட்டம்

சரி, மாத்திச் சொல்றேன். 'தராசு நம்பருக்கு மதிப்பு இல்ல.' இது ஓகேயா?

16 நவம்பர், 1:24 | போடி கார்னர்

ஓகே.

20 டிசம்பர், பகல் 11:00 | குமுளி மூணாவது முக்கு

ஜாஷ்வா–ஜேக் பால் பார்த்தவங்க கை தூக்குங்க. 243 பவுண்டுக்கு எதிரா 216. 6-ஆம் ரவுண்டு நாக்அவுட், தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சது. 4 ரவுண்டு வரைக்கும் பால் ரிங்கைச் சுத்திச் சுத்தி ஓடினது காட்சி ஆட்டம் மாதிரியே இருந்தது. 1980-ல அலி சென்னை நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட ஆடுனதாவது காட்சி ஆட்டம்னு சொல்லியே ஆடுனாங்க.

கிராஃபோர்ட் ஓய்வுன்னு அறிவிச்சுட்டார். 42-0, ஒரு தோல்விகூட இல்ல. ஏலத்தோட்டத்தோட பிவோல் கனவு போச்சு.

20 டிசம்பர், 11:08 | ஏலத்தோட்டம்

போகட்டும். ஜெயிச்ச கையோட போனார்ல.

28 டிசம்பர், காலை 10:30 | கூடலூர் சவுத்பா

ரியாத்ல நேத்து ரெண்டு சண்டையும் முடிஞ்சது. இனோவே பிகாசோவை லேசா, 12 ரவுண்டு. நகதானி 122-க்கு முதல் தடவை ஏறி வந்து ஹெர்னாண்டெஸ்கிட்டக் கஷ்டப்பட்டு, 115-113 ரெண்டு, 118-110 ஒண்ணு. கண் வீங்கிப் போச்சு. ரெண்டு பேருமே இப்ப 32-0. மார்ச்ல ஒரே மேடையில இனோவே கேட்ட அந்த டோக்கியோ டோம் சண்டைக்கு இனி குறுக்க யாரும் இல்ல.

எல்லாரும் நேத்து ராத்திரியே 'நகதானி முடிஞ்சார், இனோவே 6-க்குள்ள'ன்னு எழுதிட்டீங்க. நிதானிங்க. நகதானி 172 செ.மீ. சவுத்பா. 112, 115, 118-னு ஒவ்வொரு படியா ஏறுனவர். இறங்குற வலி அவருக்கு இனி இல்ல. நேத்து அவர் திணறினது எடையால இல்ல, தூரத்தால. உயரமான ஆள் நெருக்கத்துல நின்னு அடிச்சுக்கிட்டார், ஹெர்னாண்டெஸ் அதைத்தான் கேட்டார். கம்பம் பசங்களுக்குச் சொன்ன அதே கதை, கால் வெளிப்பக்கம் வைக்காம நேருக்கு நேர் நின்னா சவுத்பாவுக்கும் அடி விழும்.

இனோவேகிட்ட அவர் அப்படி நிக்க மாட்டார்னு நினைக்கிறேன். நின்னார்னா 8-ஆம் ரவுண்டைத் தாண்டாது. வெளிய நின்னு ஜாப்பும் இடது அப்பர்கட்டும் (கீழ இருந்து மேல வீசுற குத்து) போட்டார்னா இனோவே ஹூக்கை முழுசா வீசியாகணும். வீசினா அந்த அரை நொடி திரும்ப வரும்.

என் கணிப்பு: இனோவே, 116-112. நம்பிக்கை 60-க்கு மேல இல்ல.

28 டிசம்பர், 11:15 | ஏலத்தோட்டம்

115-113 நகதானி. கட்டுறீங்களா?

28 டிசம்பர், 11:40 | போடி கார்னர்

பணம் வேண்டாம். தோத்தவர் குமுளி முக்குல 4 டீ, 4 பருப்பு வடை.

28 டிசம்பர், 11:52 | குமுளி மூணாவது முக்கு

கடை நம்மளது இல்ல, ஆனா வடை 9 மணிக்கே தீர்ந்துடும். சண்டை ஜப்பான் நேரத்துக்கு நடந்தா முடியறப்ப இங்க சாயங்காலம் ஆயிடும். பழம்பொரிக்கு மாத்திக்கலாமா?

28 டிசம்பர், பகல் 2:10 | கம்பம் பள்ளி மைதானம்

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணே. 4 பசங்கள்ல ஒருத்தன் போன வாரம் சவுத்பாகிட்ட 3 ரவுண்டும் நின்னு 3-2-ல ஜெயிச்சான். மத்தவன் ஒருத்தன் காலை அகலமா வச்சு ரெண்டாவது ரவுண்டுல வழுக்கி விழுந்தான். ரெண்டு விரல்கிடைன்னு தினமும் சொல்லியும் ஒரு அடி வைக்கிறான். என்ன பண்றது?

28 டிசம்பர், 2:35 | கூடலூர் சவுத்பா

ரெண்டு காலுக்கும் நடுவுல தளர்வா ஒரு கயிறு கட்டி விடுங்க, அவன் தோள் அகலத்தைவிட ஒரு சாண் கூட. அகலமா வச்சா கயிறே இழுக்கும், நீங்க சொல்ல வேண்டாம். தினமும் 2 ரவுண்டு நிழல்சண்டை மட்டும், அடி வாங்குற பயிற்சியில கட்டாதீங்க. ஒரு வாரம் கழிச்சு அவுத்துட்டு, அதே சுண்ணாம்புக் கோட்டுல நிக்க வச்சுப் பாருங்க.